ஈரம் பார்ப்பவள்

கொரடாச்சேரிக்குத் தெற்கே, கொள்முதல் களத்தில்
நெல்லுக்கு ஈரம் பார்ப்பது என் வேலை.
ஒரு பிடி மணியைக் கருவிக்குள் கொட்டி
மூடியைத் திருகினால்
எண் தயங்கித் தயங்கி ஏறி நிற்கும்.
பதினேழுக்குள் என்றால் தராசுக்கு.
மேலே போனால் வெயிலுக்கு.
நாள் முழுக்க எனக்கு இரண்டே சொல்:
ஏத்துங்க. காயட்டும்.

விடியுமுன் வேறொரு களம்.
சென்னைக்கு அந்தப்புறம் ஒரு மையத்தில்
பத்து நாள் வாய் திறக்காமல்
மூச்சைப் பார்க்கக் கற்று வந்தேன்.
அதற்குப் பின் இது நாலாவது தாளடி.
பழைய சிப்பக் கணக்கு நோட்டின் பின்பக்கம்
கோடு கிழித்து வைத்திருக்கிறேன்:
உட்கார்ந்த நிமிடம்,
மனசு ஓடிய தடவை,
கால் மரத்ததா.
கடைசிக் கட்டத்தில் சிவப்பு மையில்
பத்துக்கு எத்தனை.

ஐப்பசியில் ஆறு.
கார்த்திகையில் மூன்று, கொசு, சம்பளப் பாக்கி.
மார்கழியில் ஒரு நாள் ஒன்பது போட்டேன்.
அன்று மூச்சு தெரிந்ததைவிட
நாளைக்குப் பத்து போடலாம் என்பதுதான்
தெளிவாகத் தெரிந்தது.

மழை கெடுத்த வருசங்களில்
டெல்லியிலிருந்து தளர்வு வரும்,
இருபது வரை வாங்கலாம் என்று ஒரு தாள்.
எனக்கு அப்படி ஒரு தாளும் வந்ததில்லை.

தை பிறந்து நாலாம் நாள்
தம்பி பக்கிரிசாமி போனான்,
வெட்டாற்றுப் பாலத்தில், வண்டியோடு.
வீடே அழுதது.
நான் மூச்சு உள்ளே வருவதைப் பார்த்தேன்.
வெளியே போவதைப் பார்த்தேன்.
பதினாறு முடிந்த இரவு
நோட்டை எடுத்துப் பத்து போட்டேன்.
பக்கத்தில், 'அசையவில்லை.'

மாசியில் தையல்நாயகி
இரண்டு மா நெல்லைக் கொட்டிவிட்டு
எட்டு நாளாய்க் குவியலோடு படுத்துக் கிடந்தாள்.
கருவி பதினெட்டு புள்ளி நாலு காட்டியது.
காயட்டும் என்றேன்.
"கையத் தொடச்சிட்டு எடு.
டீ கிளாஸப் புடிச்ச கை."
முந்தானையில் துடைத்து எடுத்தேன்.
பதினாறு புள்ளி எட்டு.
அதே குவியல். அதே வெயில்.
அவள் சிரிக்கவில்லை.
ஒரு மணியை எடுத்துப் பல்லில் வைத்தாள்.
டக்கென்று ஒரு சத்தம்.
"இதுக்கும் மேல காஞ்சா
மில்லுல எல்லாம் நொய்யாப் போயிடும், தெரியும்ல?"

தெரியும். தினமும் நான் சொல்வதுதான்.
ஆனாலும் அன்று எட்டுச் சிப்பம் தைக்கும்வரை
எண்ணிக்கை எனக்குத் தப்பிக்கொண்டே இருந்தது.

வீட்டுக்குப் போகிற வழியில், வாய்க்கால் கரையில்
தலையில்லாத புத்தர் ஒருவர் இருக்கிறார்.
மொட்டைச் செட்டியார் என்பார்கள்.
மடியில் யாரோ காயவைத்த வேட்டி.
முகம் இல்லாததால்
அவர் அமைதியாக இருக்கிறாரா என்று
யாரும் சரிபார்க்க முடியாது.
சைக்கிளை நிறுத்திக் கொஞ்ச நேரம் நின்றேன்.
பக்கிரி சின்ன வயதில் அந்த மடியில் ஏறி உட்கார்ந்து
முறுக்கு தின்றது ஞாபகம் வந்தது.
அப்புறம் சைக்கிளைப் பிடிக்க முடியவில்லை.

இரவு அந்தப் பத்தை அடிக்கப் பேனா எடுத்தேன்.
அடித்துவிட்டு என்ன போடுவது?
நாலா? இரண்டா?
கண்ணைத் துடைத்த விரல்
தாளில் தொட்ட இடத்தில் சிவப்பு ஊறியது.
இதுவும் அதே கைதான்.
பேனாவை மூடினேன்.

விடியுமுன் உட்கார்ந்தேன்.
பாதியில் லாரி வந்து ஆரன் அடித்தது.
மூன்று தடவை. எண்ணியிருக்கிறேன்.
கட்டத்தை வெறுமையாக விட்டு எழுந்தேன்.
வெறுமையாக விட்டதற்கு
எத்தனை போடலாம் என்றது
உள்ளே ஒரு குரல்.
களத்தில் தார்ப்பாய் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது.
தையல்நாயகி ஒரு முனையைப் பிடித்திருந்தாள்.
மறுமுனைக்கு ஆள் இல்லை.
ஓடினேன்.